சிந்து நதிக்கு ஒரு வண்டி

ஏறிப் பாருங்க தம்பி, செருப்போடவே ஏறலாம். அம்மணி, நீங்க அந்த மஞ்சக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. மூணு படி. ஒவ்வொரு படி ஓரத்துலயும் மஞ்சப் பெயிண்ட் இருக்கு பாருங்க, கால் தப்பாது.

வெலையை அப்புறமாப் பேசிக்கலாமுங்க. ரெண்டு பேரும் அருணாச்சலப் பிரதேசம் வரைக்கும் ரோட்டுலயே போறீங்கன்னு எங்க ஃபோர்மேன் குப்புராசு சொன்னான். அப்படின்னா படுக்க, சமைக்க எல்லாம் இருக்கற இந்த வண்டிதானுங்க. வேற எதையும் பாக்காதீங்க. நாமக்கல்லுல முப்பது வருசமா லாரிக்குப் பாடி கட்டறேன். அர்த்தநாரி கட்டுன பாடின்னா கல்கத்தா ரோட்டுல இருக்கற டிரைவருக்குக்கூடத் தெரியும். அத்தனை வண்டியில எனக்குன்னு கட்டுனது இது ஒண்ணுதான். எனக்குன்னு இல்லீங்க, என்ற சம்சாரத்துக்கு. இதுல ஒரு குறை சொல்லுங்க பாக்கலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

கட்டில்ல உக்காருங்க. மெத்தை புதுசு. பன்னெண்டு ராத்திரிதான் படுத்திருக்கோம் அதுல. போகப் பன்னெண்டு. வாரப்ப அவ முன்னால சீட்டுலயே சாஞ்சு தூங்கிட்டு வந்துட்டா.

அவ பேரு வசந்தாமணி. ராசிபுரத்துல பொண்ணுங்க ஸ்கூல்ல பூகோள டீச்சரு. இருவத்தாறு வருசம். எங்களுக்குப் புள்ளைங்க இல்லீங்க. அவளுக்கு ஸ்கூலு, எனக்குப் பட்டறை. கண்ணு மங்குதுன்னு மொதல்ல சொன்னப்ப, கண்ணாடி மாத்துனா சரியாப் போயிரும்னுதான் நெனச்சோம். சாயங்காலமானா வாசப்படி தெரியலைம்பா. பக்கவாட்டுல வார சைக்கிள் தெரியலைம்பா. கோயமுத்தூர்ல பெரிய டாக்டரம்மா ஒருத்தங்க பாத்தாங்க. சின்ன வயசுதான், நல்லாப் பொறுமையாச் சொன்னாங்க. கண்ணுக்குப் பின்னால ஒரு திரை இருக்குதாம், அது ஓரத்துலேர்ந்து கருகிக்கிட்டே வருதாம். கடைசியா நடுவுல ஒரு ஓட்டை மட்டும் நிக்கும், பொறகு அதுவும் அடைஞ்சிரும். மருந்து இல்லே. "ரெண்டு வருசம் ஓரளவுக்குப் பாக்கலாம்னு வெச்சுக்கங்கம்மா. பாக்கணும்னு நெனைக்கறதை எல்லாம் சீக்கிரம் பாத்துடுங்க"ன்னாங்க.

எனக்கு ரெண்டு வருசம்னு காதுல விழுந்துச்சுங்க. அவளுக்குச் சீக்கிரம்னு விழுந்திருக்கு.

கார்ல திரும்பி வாரோம். சங்ககிரி தாண்டிட்டோம். பொறகு சொல்றா, "ஏனுங்க, எனக்குச் சிந்து நதியைப் பாக்கணும்."

நான் வேற என்னமோ எதிர்பார்த்துட்டு இருந்தேன். அழுவான்னு நெனச்சேன். "காசிக்குப் போலாம், கங்கையில முங்கலாம். சிந்து நதியில என்ன இருக்குது?"ன்னேன்.

"முங்கறதுக்கு இல்லீங்க. இருவத்தாறு வருசமா போர்டுல வரையறேன். கண்ணை மூடிட்டுக்கூட வரைஞ்சிருவேன். மானசரோவர் பக்கத்துல ஆரம்பிச்சு வடமேற்காப் போயி, சட்டுனு தெக்க திரும்பும். அந்தக் கோடு நெசமாவே அங்க ஓடுதான்னு ஒருக்கா பாத்துடணும்."

 என்கிட்ட அவ எதையும் கேட்டதில்லை. இருவத்தெட்டு வருசக் குடித்தனத்துல ஒரு நகை கேட்டதில்லை. நான் அப்பவே சொன்னேன், "நம்ம வண்டியிலயே போறோம். நான் கட்டறேன். உனக்குன்னு ஒரு வண்டி கட்டறேன்."

"எதுக்குங்க அத்தனை? டில்லி வரைக்கும் டிரெயின்ல போயி, அங்கிருந்து ஒரு காரு எடுத்துக்கலாம். எங்க ஸ்கூல் ஸ்டெல்லா டீச்சர் போன வருசம் அப்படித்தான் போயிட்டு வந்தாங்க. பத்து நாள்தான்"ன்னா.

நீங்களே சொல்லுங்க தம்பி. கண்ணு மங்குன பொம்பளையை டிரெயின்ல கூட்டிட்டுப் போக முடியுமா? பிளாட்பாரத்துல கால் இடறுனா? அந்த டிரெயின் கக்கூஸ்ல அவ எதைப் பிடிச்சுக்குவா? மலையில எவனோ ஒரு டிரைவரு, அவன் என்ன வேகத்துல திருப்புவான்? மூச்சு முட்டுனா படுக்கறதுக்கு எடம் வேண்டாமா? நான் அதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "சரிங்க"ன்னுட்டா.

வண்டி பாக்கறதுலயே நாலு மாசம் போச்சு. நீங்களும் தேடியிருப்பீங்க, தெரியும் உங்களுக்கு. காரு எடுத்தா அடி தட்டும். வேன் எடுத்தா எடம் இருக்கு, ஆனா பின் சக்கரம் மட்டுந்தான் இழுக்கும். அங்க பனி உருகி ரோட்டு மேலயே ஆறாட்டம் தண்ணி ஓடுது, சேத்துல நின்னா நின்னதுதான். பஸ்ஸு நீளம், கொண்டை ஊசியில திரும்பாது. கடைசியா மிலிட்டரி ஏலத்துல விடற வண்டிதான் சரின்னு முடிவு பண்ணேன். நாலு சக்கரமும் இழுக்கும், தரையிலேர்ந்து நல்ல உசரம். மொத ஏலத்துல வந்த வண்டிக்குச் சேஸிஸ்ல துரு. ரெண்டாவதுல எஞ்சின் சத்தம் எனக்குப் பிடிக்கலை. மூணாவது ஏலத்துல வந்ததுதான் இது.

பட்டறைக்குக் கொண்டாந்து நிறுத்துன அன்னிக்கு வசந்தாவைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். டயரைத் தொட்டுப் பாத்தா. அண்ணாந்து பாத்தா. "இது எனக்கு ரொம்பப் பெருசுங்க"ன்னா.

"உள்ள கட்டுனதுக்கு அப்புறம் பாரு"ன்னேன்.

மணாலியிலேர்ந்து சிந்து நதிக்கு ஏறிப் போற அந்த மலை ரோடு வருசத்துல அஞ்சு மாசந்தானுங்க. ஜூன்ல தொறப்பாங்க, அக்டோபர்ல பனி விழுந்து மூடிரும். மொத வருசம் எங்களால போக முடியலை. பாடிக்கு நான் மொதல்ல பதினாறு அடின்னு வரைபடம் குடுத்திருந்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பேப்பர் எல்லாம் கையெழுத்து ஆகற சமயத்துல யோசனை பண்ணிப் பாத்தா, பதினாறு அடிக்கு வளைவுல பின்பக்கம் இடிக்கும்னு தோணுச்சு. பதினாலா மாத்துனேன். பேப்பர் எல்லாம் மறுபடியும் மொதல்லேர்ந்து போச்சு. அதுல அந்த வருசம் போயிருச்சு. போனாப் போகட்டும், டாக்டரம்மா ரெண்டு வருசம்னு சொல்லியிருக்காங்கல்ல.

இங்க பாருங்க, இந்தத் தண்ணித் தொட்டி. கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன். வெளிய வெச்சா அங்க உறைஞ்சிரும். இது டீசல்ல எரியற ஹீட்டரு, புகை வெளிய போயிரும், சூடு மட்டும் உள்ள வரும். இந்த அலமாரி மூலை எல்லாம் ஒருக்கா தடவிப் பாருங்க அம்மணி. ஒரு மூலைகூடக் குத்தாது. எல்லாத்தையும் கழட்டி, இழைச்சு, உருட்டி மாட்டுனேன். அதுக்கே மூணு வாரம் ஆச்சு.

ரெண்டாவது வருசம் ஜூன் மாசம் வண்டி ரெடி. எல்லாம் முடிஞ்சுது. அவ ரெண்டு சூட்கேஸுல கம்பளித் துணி எல்லாம் அடுக்கி வெச்சுட்டா. நான்தான், ஒருக்கா கொல்லிமலைக்கு ஓட்டிப் பாத்துட்டுக் கெளம்பிருவோம்னேன். எழுவது வளைவு. தெரியாத வண்டியை நேரா இமயமலைக்கு ஓட்டிட்டுப் போறது புத்திசாலித்தனமா, நீங்களே சொல்லுங்க.

நாப்பதாவது வளைவு இருக்கும், மழை பிடிச்சுக்கிச்சு. நான் ஓட்டறேன், அவ பின்னால ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கா. இந்தப் பெரிய ஜன்னலுதான். அப்ப இது தள்ளித் தொறக்கற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா, ரப்பர் வழியாத் தண்ணி ஒழுகி அவ மடி எல்லாம் நனைஞ்சு கெடக்கு. அவ என்னடான்னா இன்னும் நல்லாத் தொறந்து வெச்சு, மொகத்தை வெளிய நீட்டிக்கிட்டுச் சிரிச்சுட்டு இருக்கா.  முப்பது வருசமா பாடி கட்டறவன் வண்டியில ஒழுகுது. போதாக்குறைக்கு எறங்கறப்ப கட்டில் கால் ஒண்ணு வெல்டிங் விட்டிருந்துச்சு.

கீழ எறங்கினதும், "ஜன்னலைப் பிரிச்சுட்டு மறுபடியும் போடணும்"ன்னேன்.

"கோளாறோடவே போலாங்க"ன்னா.

"நடுவழியில நின்னா என்ன பண்ணுவே?"

"நின்னா நிக்கட்டும். நின்ன எடத்தைப் பாத்துக்கறேன்."

வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேனுங்க. அவ அப்பப்ப அப்படிப் பேசுவா.

ஜன்னலுக்கு மெட்ராஸ்லேர்ந்து ரெட்டைக் கண்ணாடி வரவழைச்சேன். ஒருக்கா அளவு தப்பு, திருப்பி அனுப்புனேன். தொறக்கற மாதிரி இருந்தாத்தானே ஒழுகும்? சுத்தியும் பசை வெச்சு அடைச்சு ஒரே கண்ணாடியாப் போட்டுட்டேன். குளிர் வராது, தூசி வராது, ஒரு பொட்டுத் தண்ணி வராது. ஜூலை போச்சு, ஆகஸ்டு போச்சு. அவ தெனமும் சாயங்காலம் பட்டறைக்கு வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்துக்குவா. அப்பவே அவ ஸ்கூல் வேலையை விட்டு நின்னுட்டா, நான்தான் லீவு போட்டிருக்கான்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒருநாள் கேட்டா, "ஏனுங்க, இந்தக் கம்பிக்கும் படிக்கும் மஞ்சப் பெயிண்ட் அடிச்சுத் தர்றீங்களா?"

"வண்டிக்கு வெள்ளையும் நீலமும் அடிக்கறோம், மஞ்சள் எடுப்பா இருக்காதே"ன்னேன்.  அவ அந்தப் பக்கம் போனதும் குப்புராசு வந்து நின்னான். என்கிட்ட அவன் நேருக்கு நேரா எதுவும் பேசமாட்டான்.

"அண்ணா, அக்காவுக்குச் சாயங்காலம் ஆனா ஆளே தெரியறதில்லீங்க. நேத்து என்னை நீங்கன்னு நெனச்சுட்டுக் காபி டம்ளரை நீட்டறாங்க. நான் வாங்கிக்கிட்டேன், பேசலை."

அன்னிக்கே மஞ்சப் பெயிண்ட் அடிச்சேன். அன்னிலேர்ந்து பட்டறையிலயே கெடந்தேனுங்க. வெறி பிடிச்ச மாதிரி வேலை செஞ்சேன். கக்கூஸுக்குள்ள ரெண்டு பக்கமும் கைப்பிடி. அடுப்புக்குச் சுத்தி வேலி. படியெல்லாம் மறுபடியும் உசரம் மாத்துனேன். ஒவ்வொண்ணுலயும் அவ விழுந்துருவாளோ, சுட்டுக்குவாளோன்னுதான் என் கண்ணுக்குத் தெரியும். ஒண்ணைச் சரி பண்ணுனா இன்னொண்ணு தெரியும்.

செப்டம்பர் மொத வாரம் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு வந்தாங்க. கையில ரெண்டு டிரெயின் டிக்கெட். "அண்ணா, நான் லீவு போட்டிருக்கேன். வசந்தாமணி டீச்சரை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வண்டியை முடிச்சு அடுத்த வருசம் இன்னொருக்கா கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க.

வசந்தா என் மொகத்தைப் பாக்கறா. பாக்கறான்னா, தலையைக் கொஞ்சம் இப்படி அப்படித் திருப்பி, அந்த ஓட்டைக்குள்ள என்னைக் கொண்டாந்து நிறுத்திப் பாக்கறா. "போயிட்டு வரட்டுங்களா?"ன்னா.

"பத்தே நாள் பொறு. வண்டி முடிஞ்சிரும்"ன்னேன்.

நான் கேன்சல் பண்ணுன்னு சொல்லலீங்க. அந்த வார்த்தையே என் வாயில வரலை. பத்து நாள் பொறுன்னுதான் சொன்னேன். அவளேதான் கேன்சல் பண்ணச் சொல்லிட்டா. ஸ்டெல்லா டீச்சர் குடுத்த காபியைக் குடிக்காமயே எந்திரிச்சுப் போனாங்க.

பத்து நாள் இருவது நாள் ஆச்சு. அக்டோபர் மொத வாரத்துலயே, எப்பவும் இல்லாத மாதிரி சீக்கிரமாப் பனி கொட்டி அந்த மலை ரோட்டுக் கணவாயை மூடிட்டாங்கன்னு டி.வி.யில சொன்னான். அவதான் கேட்டுட்டு இருந்தா. எந்திரிச்சுப் போயி, அந்தச் சூட்கேஸைத் தொறந்து, கம்பளித் துணிக்கு நடுவுல அந்துருண்டை போட்டு மூடுனா. சமையக்கட்டுக்குப் போயிட்டா. என்னைய ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமுங்க. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாச்சும் சொல்லியிருப்பேன்.

அந்தப் பனிக்காலத்துல அவளுக்கு வேகமாப் போயிருச்சு. தை மாசம் எழுத்து போச்சு. பங்குனியில என் மொகம் போச்சு. அதை அவ சொல்லலை. சட்டையை நான் மாத்திப் போட்டா எந்தச் சட்டைன்னு தொட்டுப் பாக்க ஆரம்பிச்சா, அதுல தெரிஞ்சுக்கிட்டேன்.

மூணாவது வருசம் ஜூன் கெளம்பிட்டோம். போன ஜூன்தான். ரோடு தொறந்த வாரமே அங்க இருக்கணும்னு கணக்குப் பண்ணிக் கெளம்பினேன். தம்பி, நான் பெருமைக்குச் சொல்லலை, போக வர ஒரு நட்டு கழலலை. பெங்களூரு, ஐதராபாத்து, நாக்பூரு, ஜான்சி, டில்லி, மணாலி. கூட நின்ன வண்டி எல்லாம் மலையில மூச்சு வாங்குது, இது யானையாட்டம் ஏறுது.

அவ முன் சீட்டுல உக்காந்து, "இப்ப எங்க வந்திருக்கோம்?"னு கேப்பா. நான் பலகையைப் பாத்துப் பேரு சொல்லுவேன். "அப்படின்னா மண்ணு கறுத்திருக்கணுமே"ம்பா. பாத்தா கறுப்பா இருக்கும். "எடது கைப்பக்கம் பருத்தி போட்டிருப்பாங்க. அந்தப் பக்கம் சாயற தண்ணி எல்லாம் கோதாவரிக்குப் போகும்"பா. நான் அந்த ரோட்டுல லாரியோட எத்தனையோ தடவை போயிருக்கேன். மண்ணோட நெறத்தை ஒருநாளும் பாத்ததில்லீங்க.

மணாலி தாண்டி மூணாவது நாள் மத்தியானம். உப்ஷின்னு ஒரு ஊரு. அங்கதான் ரோடு மொதமொதல்ல ஆத்துக்கிட்ட வந்து சேருது. மொட்டை மலைங்க, செவப்பும் ஊதாவுமா. நடுவுல ஆறு. நான் வண்டியைப் பக்கவாட்டுல கொண்டு போயி, பின்னால இந்த ஜன்னல் ஆத்தைப் பாத்து இருக்கற மாதிரி நிறுத்துனேன். அதுக்குன்னே கட்டுன ஜன்னல். அவளைக் கூட்டிட்டு வந்து இங்க, நீங்க உக்காந்திருக்கற எடத்துல உக்கார வெச்சேன். தலையைப் பிடிச்சு மெதுவாத் திருப்பி, "அதா, நேரா"ன்னேன்.

ரொம்ப நேரம் பாத்தா. "வெள்ளையா ஒண்ணு தெரியுது. அது ஆறுங்களா?"

அது கண்ணாடியில பட்ட வெயிலு.

"ஆமா"ன்னேன்.

காதைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "சத்தமே இல்லையேங்க. இந்த எடத்துல பாறையில மோதிட்டு எரைச்சலா ஓடணுமே. ஜன்னலைத் தொறங்க"ன்னா.

தொறக்க முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன், நீங்களே சொல்லுங்க. கையை நீட்டி அவளே கண்ணாடி ஓரத்தைத் தடவிப் பாத்தா. ஒரு பக்கம் முழுக்கத் தடவுனா. மேல தடவுனா. பொறகு கையை மடியில வெச்சுக்கிட்டு, "எறக்கி விடுங்க"ன்னா.

கையைப் பிடிச்சுக் கல்லு மேல எல்லாம் நடத்திக் கூட்டிட்டுப் போனேன். கதவைத் தொறந்ததும் சத்தம் வந்துருச்சுங்க, காதை அடைக்கற சத்தம். அவ நடை மாறிப் போச்சு. என்னைய இழுத்துட்டுப் போறா. உக்காந்து ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள விட்டா. அந்தக் குளிர்ல என்னால ஒரு நிமிசம் வெரலை வைக்க முடியலை, அவ எடுக்கவே இல்லை.

"என்ன கலருங்க?"

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? "சாம்பக் கலர் பிரைமர் அடிச்ச தகரமாட்டம்"ன்னேன்.

"அகலமா?"

"நம்ம மோகனூர் காவேரியில பாதிகூட இல்லே."

"இங்க சின்னதுதானுங்க. போகப் போகத்தான் பெருசாகும்." அப்புறம் தண்ணியிலேர்ந்து கையை எடுக்காமயே கேட்டா. கோவமே இல்லீங்க கொரல்ல. என்ன கொழம்பு வைக்கட்டும்னு கேக்கற மாதிரி கேட்டா. "ஏனுங்க, அன்னிக்கு ஸ்டெல்லா கூட வந்திருந்தா நான் பாத்திருப்பேன்ல?"

"டிரெயின்ல வந்திருந்தா இந்த மாதிரி சௌகரியமா வந்திருக்க முடியுமா?"ன்னேன்.

அதுதான் நான் சொன்னது. வேற என்னமோ சொல்லியிருக்கணும். திரும்பி வார வழியெல்லாம் யோசிச்சேன், இன்னிக்கு வரைக்கும் யோசிக்கறேன், எனக்கு வரமாட்டேங்குது.

வீட்டுக்கு வந்து பதினோரு நாள் இருந்தா. பொறகு ஸ்டெல்லா டீச்சர் வந்து திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க கண்ணு தெரியாதவங்களுக்குன்னு ஒரு எடம் இருக்குது. குச்சி வெச்சு நடக்கறது, புள்ளி எழுத்துப் படிக்கறது, சமைக்கறது, எல்லாம் சொல்லித் தராங்க. நான் சொன்னேன், "எதுக்கு அங்க போறே? வீட்டையே உனக்கு ஏத்த மாதிரி மாத்திக் கட்டித் தரேன். செவுரு முழுக்கக் கைப்பிடி வெக்கறேன்."

"வேண்டாங்க. ஆறு மாசத்துக்கு நீங்க வராதீங்க. வந்தீங்கன்னா எனக்கு எல்லாத்தையும் செஞ்சு வெச்சிருவீங்க"ன்னா.

இது ஒரு கொறையா தம்பி? செஞ்சு வெக்கறது ஒரு கொறையா?

ஃபோன் பண்ணுனா பேசுவா. சாப்பிட்டீங்களாம்பா. மாத்திரை போட்டீங்களாம்பா. ஆறு மாசம் எனக்கு ஆகலீங்க. நாலு மாசந்தான் ஆச்சு, போன வியாழக்கிழமை பஸ் ஏறிப் போயிட்டேன். சொல்லாமத்தான் போனேன். காலையில ஒம்பதரை மணிக்கு அந்தத் தெருமுனையில நிக்கறேன். கேட்டைத் தொறந்துட்டு அவ வாரா. தனியா. கையில வெள்ளைக் குச்சி. பச்சைச் சேலை, பின்னு குத்துனது ஒழுங்கா இருக்கு. எளைச்சுப் போயிருக்கா. குச்சியை எடதும் வலதுமாத் தட்டிக்கிட்டு நேரா நான் நிக்கற பக்கமா வாரா. நடைபாதையில ஒரு கல்லு பேந்து கெடக்கு. எனக்கு உசுரு போகுது. ஓடிப் போயி அந்தக் கல்லை எடுத்துப் போட்டுரலாம்னு காலு துடிக்குது. குச்சி அந்தக் கல்லுல பட்டுச்சு. நின்னா. ரெண்டு தட்டு தட்டி அளவு பாத்தா. சுத்திக்கிட்டு வந்துட்டா.

வந்து, குச்சி நுனி என் செருப்புல பட்டுச்சுங்க.

ஒரு கை நீளந்தான் இருக்கும். அவ போட்டிருக்கற பவுடர் வாசம் தெரியுது. வாயைத் தொறந்தா வசந்தான்னு வந்துரும். நான் தொறக்கலை. மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கறேன். முப்பது வருசம் கூட இருந்தவளுக்குத் தெரியாமயா இருக்கும்? எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சுதா தெரியலையான்னு அவ மொகத்துல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை. தலையைக் கொஞ்சம் சாய்ச்சு நின்னா.

அப்புறம் நல்ல மரியாதையாத்தான் சொன்னா.

"கொஞ்சம் தள்ளிக்கங்க."

தள்ளிக்கிட்டேனுங்க. ரெண்டு அடி பின்னால போயி, செவுத்தோட ஒட்டி நின்னுக்கிட்டேன். அவ தட்டிக்கிட்டே பஸ் ஸ்டாப்புக்குப் போனா. யாரோ ஒரு காலேஜ் பொண்ணுகிட்ட பஸ் நம்பர் கேட்டா. பஸ் வந்துச்சு, கம்பியைப் பிடிச்சு ஏறிட்டா.